ரெண்டு பேரில் ஒருத்தர்

சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தபோது மாரிசெல்விக்கு வயது முப்பத்து மூன்று. வகுப்பில் அவளைத் தவிர இருந்த பதினெட்டுப் பேரும் பையன்கள். பத்தாவதில் தவறியவர்கள், பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்கள். அவளுக்கு அப்போதே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

கல்லூரி என்று பேர்தானே தவிர, சாத்தூர் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அது. வெள்ளையடித்திருந்தார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து கந்தக வாடை வரும். முன்னறையில் நர்சிங் உதவியாளர் வகுப்பு, அடுத்ததில் கம்ப்யூட்டர், அதற்கடுத்து தையல். பின்னால் முன்பு குச்சி காயப்போட்ட நீளக் கொட்டகையில் வயரிங்கும் மோட்டார் காயில் கட்டுவதும் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு வருஷப் படிப்பு. மார்க் கேட்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அவளாக ஆசைப்பட்டு வரவில்லை. புருஷன் முனியராஜ் அனுப்பித்தான் வந்தாள்.

தாயில்பட்டிக்கு இரண்டு கல் தள்ளி அவர்கள் ஊர். புருஷனும் பெண்சாதியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவன் மருந்து கலக்குகிறவன், அவள் சரவெடி பின்னுகிறவள். காலை ஏழு மணிக்கு ஒரே வேனில் போய், சாயங்காலம் ஒரே வேனில் திரும்புவார்கள். அடுத்த வீட்டு ஊர்க்காவலனும் மாடத்தியும் அப்படித்தான், வேறொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் வைகாசியில் ஒருநாள், மாடத்தி புருஷனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்த நேரத்தில் அவன் வேலை பார்த்த அறை வெடித்துப் போயிற்று. இரண்டு பேருமே மிஞ்சவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்தார்கள். மூத்தவளைக் கோவில்பட்டி மாமன் கூட்டிக்கொண்டான். சின்னவனைத் திருப்பூர்ச் சித்தப்பன் கூட்டிக்கொண்டான். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் யாராலும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் தம்பி அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. பிரித்தவன் முனியராஜ். சித்தப்பனுக்குக் கை வரவில்லை என்று அவனைச் செய்யச் சொன்னார்கள்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்தவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொன்னான்.

"ஏ செல்வி, நாம ஒரே வேன்ல போக வேண்டாம்."

"பெறகு, நீங்க சைக்கிள்ல வாரீகளாக்கும்?"

"வேனைச் சொல்லல. கம்பெனியச் சொல்றேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய இருக்கணும்."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்க வெளிய வாங்க. நான் பின்னுற எடத்துல என்ன ஆகப்போகுது? நீங்கதான் மருந்துல நிக்கிறீக."

"நான் வெளிய வந்து என்னத்தச் செய்ய? மூணு வாட்டி கையெழுத்துப் போட்டா மூணும் மூணு மாதிரி வருது. நீ ஒம்பதாப்புப் படிச்சவ."

"படிச்சு பதினெட்டு வருசமாச்சு. அன்னைக்குத் தெரிஞ்சதே இன்னைக்கு மறந்துபோச்சு."

"சாத்தூர் ரோட்டுல காலேசு நடத்துறாகல்ல, தங்கச்சாமி மகன் படிச்சானே. விசாரிச்சிட்டேன். நர்சிங்குக்கு இருபத்தஞ்சு வயசுக்குள்ளங்காக. தையலுக்கு நம்ம தெருவுலயே நாலு மெசின் கெடக்கு. மோட்டார் காயில் கட்டுறதுன்னு ஒண்ணு இருக்கு. கரண்டு ஏறி எறங்குறதுல மாசத்துக்கு மூணு மோட்டார் எரியுது நம்மூர்ல. அம்புட்டுப் பேரும் சாத்தூருக்குத் தூக்கிட்டு ஓடுறாக. அதைப் படி."

"பொம்பள மோட்டார் கட்டவா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

வெளியே அவர்களுடைய பிள்ளைகள் இரண்டும் ஒரு சைக்கிள் டயருக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது.

"ஆக, நான் மிஞ்சணும். அதான சொல்றீக?"

முனியராஜ் கருவாட்டு முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "பிள்ளைக ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கணும். அதைத்தான் சொல்றேன்," என்றான்.

ஆடியில் சேர்ந்தாள். பாடம் எடுத்தவர் அய்யாதுரை. ராஜபாளையம் மில்லில் மோட்டார் பராமரிப்பில் இருந்தவர், மில் மூடியதும் இங்கே வந்தவர். நல்லவர்தான். ஆனால் கரும்பலகையில் சூத்திரம் எழுத ஆரம்பித்தால் திரும்பிப் பார்க்க மாட்டார். வோல்ட், ஆம்பியர், மின்தடை. மாரிசெல்வி எல்லாவற்றையும் அப்படியே நோட்டில் எழுதினாள். எழுதியதில் ஒன்றும் மண்டைக்குள் போகவில்லை. பையன்கள் "அக்கா, இது தெரியலையா?" என்று கேட்பார்கள். கேலியாகக் கூட இல்லை, இரக்கமாகக் கேட்பார்கள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆவணி கடைசியில் முதல் பரீட்சை வந்தது. ஐம்பதுக்கு ஏழு வாங்கினாள்.

கம்பெனியில் அவள் அப்படி இல்லை. அவளைப் போலச் சரம் பின்னுகிறவள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பார்கள். விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. புதுசாக வருகிறவர்களை "மாரி அக்கா பக்கத்துல உக்காரு" என்றுதான் போர்மேன் அனுப்புவார். சுற்றி உட்கார்ந்து பேசவும் சிரிக்கவும் ஆள் உண்டு. மத்தியானம் ஏழெட்டுத் தூக்குவாளிகளைத் திறந்து வைத்தால் எல்லார் வீட்டுக் குழம்பும் எல்லாருக்கும். இங்கே அவள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றாள்.

ஏழு மார்க் வாங்கிய மறுநாள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். தாயில்பட்டியில் இறங்கிவிட்டாள். அங்கே அவளுடைய சிநேகிதி பாலம்மாள் வேலை பார்க்கிற சின்ன கம்பெனி ஒன்று இருந்தது. தீபாவளி சீசன், ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பாலம்மாள் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"வாடி, வாடி! படிச்சுக் கிழிச்சது போதும்னு வந்துட்டியா?"

"ரெண்டு நாளைக்குத்தான். அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. கல்லூரிப் பையோடு கிளம்பி, கல்லூரிப் பையோடு திரும்பினாள். வீட்டுக்கு வருமுன் பம்புசெட்டில் சீயக்காய் போட்டு முகம் கை கால் எல்லாம் தேய்த்துக் கழுவிவிடுவாள். முனியராஜ் தினமும் கேட்பான், இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாக என்று. பழைய நோட்டிலிருந்து ஏதாவது வாசிப்பாள். அவனும் புரிந்த மாதிரித் தலையாட்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வேல்விழிக்குப் பேன் பார்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். முனியராஜ் பின்னால் வந்து நின்றான். அவளுடைய காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை அவள் கண்ணுக்கு நேரே காட்டினான். வெள்ளியாக மின்னியது, பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி.

"வேலு, நீ உள்ள போ," என்றான் மகளிடம்.

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். பதினாலு வருஷத்தில் ஒருநாளும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எத்தன நாளா?"

"பதிமூணு நாளா."

"எதுக்கு?"

"எனக்கு அங்கன ஒண்ணும் வெளங்கலங்க. ஏழு மார்க்கு. அந்தப் பயலுக என்னையப் பாவமாப் பாக்கான்க. கம்பெனில உக்காந்தா நானும் ஒரு மனுசியா இருக்கேன். அங்கன போனா ஊமையா இருக்கேன்."

"ஊமையாவே இரு. ஏழு மார்க்கே வாங்கு. ஆனா அங்கன இரு."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீக. நாள் பூரா நீங்க மருந்துல நிக்கிறத நெனச்சுக்கிட்டே நான் அங்கன உக்காந்திருக்கணும். பக்கத்துல இருந்தாலாச்சும் எட்டிப் பாக்கலாம்."

"எட்டிப் பாத்துதான் மாடத்தி போனா."

அவன் எழுந்து போய்க் கல்லூரிப் பையைக் கொண்டுவந்து நோட்டை எடுத்தான். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் மடியில் வைத்தான். "இன்னிக்கு ஞாயித்துக் கிழமதான். உக்காந்து படி. சோறு நான் பொங்குறேன்," என்றான். பொங்கிய சோறு குழைந்து போயிருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தின்றன.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனாள். அய்யாதுரை ஒன்றும் கேட்கவில்லை, வருகைப் பதிவேட்டைப் பார்த்து மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார்.

ஐப்பசியில் தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்ததும் காயில் கட்டுவது ஆரம்பமாயிற்று. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியை அச்சில் சுற்றி, ஸ்டேட்டர் என்கிற இரும்பு வளையத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு சுற்றாக இறக்க வேண்டும். கம்பி மேல் பூச்சு உரிந்துவிடக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொள்ளக் கூடாது. மூங்கில் குச்சியால் தள்ளித் தள்ளிப் படுக்க வைக்க வேண்டும். பையன்கள் வேர்த்து விறுவிறுத்தார்கள். இருபது சுற்றுக்குள் எண்ணிக்கை தவறியது, கம்பி முறுக்கிக்கொண்டது.

மாரிசெல்வி கம்பியைக் கையில் எடுத்தாள். மெல்லியது, வழுக்கியது. சரத்து நூலைவிடக் கொஞ்சம் முரண்டு, அவ்வளவுதான். விரல் தானாக ஓடியது. மனசு எண்ணவே இல்லை. விரலே எண்ணிக்கொண்டது. பாதி வளையம் நிறைந்த பிறகுதான் நிமிர்ந்தாள். சுற்றிப் பையன்கள் நின்றிருந்தார்கள். அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கே கத்துக்கிட்டீங்கம்மா?"

"சரவெடி பின்னுவேன் சார்."

"இனிமே இந்தப் பயலுகளுக்கு நீங்கதான் காட்டிக் குடுக்கணும்," என்றார். ஒரு பையன், "அக்கா, மொதல்ல எனக்கு," என்று முந்திக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, துணி காயப்போடும் கயிற்றை உருவி முனியராஜுக்குச் சுற்றிக் காண்பித்தாள். அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வேனில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான், என் பெண்சாதி பத்து ஆள் வேலையை ஒத்தையாளாகப் பார்க்கிறாள் என்று. தை மாசம் இருக்கன்குடிக் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தார்கள். அந்த மூன்று நாலு மாசம் அவர்கள் வீட்டில் நல்ல காலமாக இருந்தது.

பங்குனி முதல் வாரம். காலையிலிருந்தே காற்று அசையவில்லை. பகல் பதினொன்றரை மணி இருக்கும். சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் மேசை மேல் கிடந்த திருகாணிகள் நடுங்கின. பிறகுதான் அந்தத் 'தொம்'. அங்கே படித்த அத்தனை பேர் வீட்டிலும் யாராவது ஒருத்தர் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். முன்னறையிலிருந்து நர்சிங் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடி வந்தன. ஒரு பையன் கூரை மேல் ஏறினான்.

"எந்தப் பக்கம்லே?"

"தாயில்பட்டிப் பக்கம். கருப்பாப் போகுது."

செல்போன் வைத்திருந்தவர்கள் அடித்துப் பார்த்தார்கள். எந்த நம்பரும் கிடைக்கவில்லை. மாரிசெல்வி கையிலிருந்த காயிலை முழுசாக இறக்கி முடித்தாள், பாதியில் விட்டால் கெட்டுவிடும் என்பது போல. பிறகு எழுந்து, "சார், என்னையக் கொண்டுபோய் விடுதீகளா?" என்று கேட்டாள். அய்யாதுரை வண்டியை எடுத்தார். வழி நெடுக எதிரே ஆம்புலன்ஸும் லோடு வண்டிகளும் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றில் அவன் போயிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தான். உடம்பு பூராவும் துணி சுற்றிக் கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன. இரண்டாம் நாள் பேசினான்.

"செல்வியா?"

"நாந்தான்."

"சத்தம் கேட்டப்ப காலேசுலயா இருந்த?"

"ஆமா."

"அதான் வேணும்," என்றான். "ஒச்சப்பன் என் பக்கத்துல நின்னான். எப்பிடி இருக்கான்?"

"அவுகளுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயிட்டாக." ஒச்சப்பனை அதற்கு முந்தின நாளே சுடுகாட்டுக்கு எடுத்திருந்தார்கள்.

"வேலையெல்லாம் சரியாத்தான் பாத்தோம் செல்வி. வெக்கை. மருந்து தானாச் சூடேறிருச்சு. பரீச்ச எப்ப?"

"வைகாசில. பேசாம படுங்க."

"போயிரு. எதைச் சாக்கு வச்சும் நின்னுராத. நீ அங்கன இருந்த பாரு, அது போதும். நெனச்ச மாதிரி ஆச்சு."

அவன் குரலில் வலி இருந்தது. ஆனால் வலிக்கு மேலாக ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொசுவலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பெரிய சாமர்த்தியம் பண்ணிட்டீக. என்னைய அங்கன உக்கார வச்சிட்டு நீங்க இங்கன வந்து படுத்துக்கிட்டீக. இதுல சந்தோசம் வேறயா உங்களுக்கு?"

உதடு அசைந்தது. சிரித்தானா, தண்ணீர் கேட்டானா என்று தெரியவில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தாள். அதற்குப் பிறகு அவன் தெளிவாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் போய்விட்டான்.

பதினாறு முடிந்ததும் போர்மேன் ராக்கப்பன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"மருந்துப் பக்கமே வர வேண்டாம்மா. பாக்கிங்ல போட்டுத் தாரேன். எப்ப வேணும்னாலும் வா."

"வந்துரு மாரி," என்றாள் கூட வந்திருந்த பாலம்மாள். இப்போது அவளும் இந்தக் கம்பெனி வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். "தனியா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். நாலு பேரோட இருந்தா மனசு ஆறும்."

அது உண்மை என்று அவளுக்குப் பட்டது. அவளுக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். காயில், ஸ்டேட்டர், பரீட்சை எல்லாம் யாரோ ஒருத்திக்குச் சம்பந்தப்பட்டவை போல இருந்தன. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலையில் தூக்குவாளியில் சோறு கட்டி, தலையை வாரி முடித்து நின்றாள். வேன் வந்தது. டிரைவர் லட்சுமிகாந்தம் வழக்கமாக முனியராஜுக்கு அடிப்பது போல இரண்டு தரம் ஆரன் அடித்தான். அடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்கும். உள்ளே பாயில் பாதித் தூக்கத்தில் கிடந்த எட்டு வயது மகன் காளீஸ்வரன் கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

"அப்பா, வேன் வந்துருச்சு!"

பாலம்மாள் டிரைவரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மாரிசெல்வி தூக்குவாளியோடு அசையாமல் நின்றாள். உள்ளே வேல்விழி தம்பியின் வாயைப் பொத்துவது தெரிந்தது.

"நீங்க போங்க," என்றாள் வேனைப் பார்த்து. "நான் வரல."

அந்த ஆரன் சத்தத்தைத் தினமும் தன்னால் கேட்க முடியாது. அன்று அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேறு எங்கேயாவது இருக்க வேண்டும். ஆறே முக்காலுக்கே ஒரு பஸ் உண்டு. மறுநாளிலிருந்து அதில் ஏறிக் கல்லூரிக்குப் போய், பூட்டின கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு வாட்ச்மேன் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார். ஒரு மாசத்துப் பாடம் போயிருந்தது. பையன்கள் மாற்றி மாற்றி நோட்டைக் கொடுத்தார்கள். யாரும் அவளைப் பாவமாகப் பார்க்கவில்லை. நேராகப் பார்ப்பதற்கே கூசினார்கள்.

வைகாசியில், கத்திரி வெயிலில் செய்முறைப் பரீட்சை நடந்தது. வெளியூர்ப் பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா, அடிக்கடி மோர் குடித்தார். ஆளுக்கு ஒரு மோட்டார். காயில் கட்டி, இறக்கி, இணைப்புக் கொடுத்து, ஓட்டிக் காட்ட வேண்டும்.

மாரிசெல்வி முதல் ஆளாக முடித்தாள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு, பிறகு சீராக ஓடியது. பரீட்சகர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். மேலே கை வைத்து அதிர்கிறதா என்று பார்த்தார்.

"சத்தமே இல்லையே," என்றார் அய்யாதுரையிடம். "மில்லுல இருபது வருசம் பார்த்தவன் கட்டின மாதிரி இருக்கு." வாய்வழிக் கேள்வி நாலு கேட்டார். மூன்றுக்குச் சரியாகச் சொன்னாள். ஒன்றுக்குத் தெரியாது என்றாள். அவர் மார்க் தாளை எடுத்தார்.

"ஒரு கேள்வி, இதுக்கு மார்க் கிடையாது. பதினெட்டுப் பயலுகளுக்கு நடுவுல ஒரு பொம்பள. எப்படிம்மா இந்த லைனுக்கு வந்தீங்க?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற அய்யாதுரை வேண்டாம் என்பது போலக் கையைத் தூக்கினார். பரீட்சகர் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக சேத்துவிட்டாக சார்."

"பரவால்லையே! பெண்சாதியை மோட்டார் வேலை படிக்க அனுப்புற ஆளை நான் இப்பத்தான் கேள்விப்படுறேன். என்ன வேலை பார்க்கிறார்?"

வெயிலில் அடுத்த மேசைகளில் பையன்கள் கம்பியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையாக நின்றது. சொன்னால் இந்த மனிதரின் முகம் மாறிவிடும், மோர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார், பேனா நின்றுவிடும். அப்புறம் போடுகிற மார்க் வேறு மார்க் ஆகிவிடும்.

"பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்காக சார்," என்றாள்.

"நல்லது. சாயந்தரம் வந்ததும் சொல்லுங்க, வகுப்பிலேயே முதலாவதுன்னு."

"சொல்றேன் சார்."

அவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அய்யாதுரையும் அணைக்கச் சொல்லவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே அதன் பக்கத்தில் நின்றாள்.